பதினான்காம் கட்டிலின் குப்பி

கபிதோலினா யெகோரோவ்னா தன் உத்தியோக காலத்தில் ஒரே ஒரு தவறைத்தான் ஒப்புக்கொண்டாள். அதையும் அவள் செய்யவில்லை. செய்தது யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதில் பாதி என் கைங்கரியம்.

ஐம்பத்தொன்பதாம் வருடத்து இலையுதிர்காலம். மாஸ்கோவில் விமானப்படைக்காரர்களைச் சோதிக்கும் மருத்துவமனை ஒன்றில் நான் மூன்றாம் வார்டு நர்ஸ். வயது இருபத்தாறு, புத்தி பதினாறு. அவள் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே தந்தை பெயரையும் சேர்த்துக் கபிதோலினா யெகோரோவ்னா என்போம், முதுகுக்குப் பின்னால் காப்பா. விமானிகள் அவளுக்கு வைத்த பெயர் 'சுங்கச்சாவடி'. அவளைத் தாண்டி எதையும் கடத்த முடியாது என்று அர்த்தம்.

ஆள் ஒல்லி, உயரம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள். ஏழு குடும்பங்களுக்கு ஒரே அடுப்படி உள்ள வீட்டில் ஒரு அறை அவளுடையது. கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த ஒரு கணக்கரிடம் அவர் பெருவிரல் மூட்டு ஏன் வீங்கியிருக்கிறது என்று விசாரித்தாளாம், மனிதர் மறுபடி வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் அவளைப் பார்க்க வேண்டும். எப்போதும் தோற்கும் ஒரு அணிக்காகச் சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டு, நடுவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். திங்கட்கிழமை காலை தொண்டை கட்டிய நிலையில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் இளம் விமானிகளை இருபது இருபது பேராக எங்களிடம் அனுப்பத் தொடங்கினார்கள். எல்லாரும் குள்ளம், எல்லாரும் முப்பதுக்குக் கீழே. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. 'புது மாதிரி ஊர்தி' என்றார்கள், அவ்வளவுதான். வந்தவர்களும் அசடுகள் இல்லை. ஸ்புட்னிக் சுற்றி இரண்டு வருடமாகிவிட்டது, அதற்குள் நாய் உட்கார்ந்து போயாயிற்று, அடுத்தது யார் என்று ஒரு முட்டாளுக்குக்கூடத் தெரியும். ஆனால் 'ராக்கெட்' என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை.

சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு நீலப் பைஜாமா கொடுப்போம். பிறகு சுழல் நாற்காலி, வெப்ப அறை, காற்றை உறிஞ்சி எடுக்கும் அறை, மனிதனைக் கல்லாகக் கனக்க வைக்கும் பெரிய சுழல் எந்திரம். எண்களைக் கூட்டச் சொல்லிவிட்டு, காதருகே ஒலிபெருக்கியில் ஒருவன் தப்புத் தப்பாக விடை சொல்லிக்கொண்டே இருப்பான். தினம் ஒரு கட்டில் காலியாகும். போகிறவன் தன் சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் கொட்டிவிட்டுப் போவது வழக்கம், மிச்சமிருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள்.

போவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மருத்துவக் குழு நோய் கண்டுபிடித்து நிராகரிப்பது. அந்தக் காகிதம் அவனுக்கு முன்பாகவே படைப்பிரிவுக்குப் போய்ச் சேரும். ராக்கெட் மட்டுமல்ல, சாதாரண விமானமும் அன்றோடு முடிந்தது. இன்னொன்று, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது. அப்படிப் போனால் வந்தபடியே திரும்பலாம், காகிதத்தில் ஒரு கறை இருக்காது.

இதனால்தான் அவர்கள் எங்களைக் கண்டு நடுங்கினார்கள். வானத்தில் எஞ்சின் நின்றாலும் அசராதவன் வெள்ளைக் கோட்டைக் கண்டால் வியர்த்துப் போவான். எந்த விமானியும் எந்த மருத்துவரிடமும் உண்மை சொன்னதில்லை. வருடாந்தரச் சோதனைக்கு முன் அவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் உள்ளவன் தன் குப்பியை ஆரோக்கியமான நண்பனிடம் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொள்வான். நாடு முழுக்க எல்லாப் படைப்பிரிவிலும் இது நடந்தது, யாரும் இதைக் குற்றமாக நினைக்கவில்லை. அதோடு போர்ஜோமி வேறு. சோடா உப்புச் சுவை உள்ள அந்த ஊற்றுத் தண்ணீரை இரண்டு பாட்டில் குடித்தால் சிறுநீரகம் கண்ணாடி போலக் கழுவப்படும் என்று சத்தியம் செய்வார்கள்.

பதினான்காம் கட்டிலில் வேன்யா ஷுபின். பேர்ம் நகரத்துப் பக்கத்துப் பையன், லெப்டினென்ட், பேசும் முன்பே காது சிவந்துவிடும். பதினைந்தாம் கட்டிலில் ரோடியோன் செபகோவ். இருவரும் வடக்கே ஒரே படைப்பிரிவு. ரோடியோன் அந்த வார்டின் காளை. சுழல் நாற்காலியிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்து என்னை வால்ட்ஸ் நடனத்துக்குக் கூப்பிட்டவன். காலையில் அவன் கண்கள் தூக்கம் கலையாமல் இமை தடித்துச் சொருகியிருக்கும். அந்தக் கண்ணுக்காக நான் என் ஷிஃப்டையே மாற்றிக்கொண்டேன், சொல்லிவிடுகிறேன்.

பெரிய சுழல் எந்திரத்தில் சுற்றியவர்களிடம் மறுநாள் காலை சிறுநீர் வாங்க வேண்டும். முந்தின வாரம் ஒருவனுக்கு அதில் புரதம் வந்ததால் சிறுநீரகம் கெட்டதென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். வேன்யா பயந்து வெளிறிப் போனான். அந்தப் புதன்கிழமை காலை ரோடியோன் கையில் இரண்டு குப்பியோடு கழிப்பறைப் பக்கம் வந்தான். ஒவ்வொருவராக உள்ளே விட்டு, கையிலிருந்து குப்பியை வாங்குவது என் வேலை.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"என்ன பண்றது ரிம்மா, எனக்கு மனசு பெருசு, மத்ததும் அப்படித்தான்."

நான் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் வேன்யாவின் குப்பியை நிரப்பிக் கொடுத்தான். தன் குப்பிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதென்று இரண்டு பாட்டில் போர்ஜோமி குடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அதை நிரப்பினான். நான் இரண்டிலும் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு மருத்துவக் குழு கூடும். காலை பத்து மணிக்குக் காப்பா என்னைக் கீழே கூப்பிட்டாள்.

"பதினாலையும் பதினஞ்சையும் கூட்டிட்டு வா. நீயும் இரு."

நான் கூட்டிப் போனேன். அவள் கதவைச் சாத்தினாள். நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது.

"பாருங்க" என்றாள்.

வேன்யா குனிந்து பார்த்தான். "ஏதோ குச்சி குச்சியா தெரியுது."

"அதுக்கு உருளைன்னு பேரு. சிறுநீரகத்துக் குழாய்க்குள்ள ரத்தம் கசிஞ்சு, உறைஞ்சு, அந்தக் குழாயோட அச்சாவே வெளிய வரும். பதினாலாம் நம்பர் குப்பியில நிறைய இருக்கு. நேத்தே மேல எழுதி அனுப்பிட்டேன். இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஷுபினைத் தள்ளிடுவாங்க. இனி பறக்க முடியாது."

வேன்யாவின் காது சிவக்கவில்லை, வெளுத்தது.

"ஆனா ஒன்பது நாள் முன்னாடி ஷுபின் கொடுத்தது சுத்தமா இருந்துச்சு. இது ஒன்பது நாள்ல வர்ற நோய் இல்ல. யாரோடது இது?"

"என்னோடதுதான்" என்றான் வேன்யா, உடனே.

"நான் உன்னைக் கேக்கல." அவள் ரோடியோன் பக்கம் திரும்பினாள். "இந்த வசந்த காலத்துல தொண்டை வலி வந்துச்சா? காய்ச்சலோட? டாக்டர்கிட்ட சொல்லாம மறைச்சியா?"

"விமானிக்குத் தொண்டை வலி வராது, கபிதோலினா யெகோரோவ்னா" என்று சிரித்தான்.

"காலையில இமை ஏன் வீங்குது?"

சிரிப்பு நின்றது. நான் ரசித்த கண்கள் அவை. நர்ஸ் படிப்பு படித்த எனக்கு, ஒரு வீக்கம் வீக்கமாகத் தெரியவில்லை.

"உன் குப்பி ரெண்டு தடவையும் தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள். "சோடாத் தண்ணி உருளையைக் கரைச்சிடும். நோயைக் கரைக்காது. அந்தத் தொண்டைக் கிருமிதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கு. இப்பவே படுத்து, உப்பை விட்டு, வைத்தியம் பாத்தா நீ கிழவனாகலாம். இதோட ஜெட்ல ஏறி உடம்பைக் கசக்கினா, ரெண்டு வருஷம். மூணுன்னு வெச்சுக்கோ."

ரோடியோன் வேன்யாவைப் பார்த்தான். வேன்யா தரையைப் பார்த்தான். ரோடியோன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"குப்பி மேல அவன் பேர்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு ரோடியோன் வெளியே போனான்.

காப்பா வேன்யாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், நீ ஏன் வாயை மூடிட்டு நிக்கிற? அவன் உன்னைப் பலி கொடுக்கிறான்."

"போன குளிர்காலத்துல என் விமானம் பனிக்கட்டில விழுந்துச்சு. எரிஞ்சுட்டு இருந்துச்சு. அவன்தான் உள்ள வந்து இழுத்தான்."

நான் மேலே ஓடினேன். ரோடியோன் அலுவலகத்தில் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சொந்த விருப்பம். குழு கூடும்போது அதில் முத்திரை விழும், நாலு மணிக்கு ரயில், நாளை மறுநாள் வடக்கே தன் விமானத்தில் இருப்பான். சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் கொட்டினான். யாரும் எடுக்கவில்லை. காப்பா என் பின்னாலேயே வந்து அவன் கட்டிலருகே நின்றாள்.

"நீ நல்லவன்னு கேள்விப்பட்டேன்" என்றாள்.

"பறக்குறவன் நான். வேற எதுவும் எனக்குத் தெரியாது." அவன் குரல் உடைந்திருந்தது. "நீங்க யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியாது. குப்பியை மாத்தினோம்னு சொன்னா வேன்யாவும் சேர்ந்து போவான். போன வாரம் ரெண்டு பேருக்கு என்ன ஆச்சு, தெரியும்ல?"

தெரியும். கர்னல் அவெரியானவ் குப்பி மாற்றிய இருவரையும் வரிசையில் நிறுத்தி, ஏமாற்றுக்காரர்கள் என்று படைப்பிரிவுக்குக் கடிதம் எழுதி, பறக்கும் உரிமையைப் பறித்திருந்தார். எங்கள் மருத்துவக் குழுவின் தலைவர் அவர். அவர் மூக்குக்குப் பொய் வாசனை தூரத்திலேயே தெரியும்.

கணக்கு இப்படி நின்றது. பேசாமல் இருந்தால் வேன்யா நோயாளி என்று தரையில் நிற்பான், ரோடியோன் நோயோடு வானத்தில் செத்துப் போவான். பேசினால் இருவரும் ஏமாற்றுக்காரர்கள். காப்பா கீழே போனாள். நான் கட்டில் விரிப்பை மாற்றுகிற சாக்கில் அங்கேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் சூப் வந்தது. வேன்யா கரண்டியைக்கூட எடுக்கவில்லை.

இரண்டு மணிக்குக் குழு கூடியது. வார்டு பதிவேட்டோடு நான் சுவரோரம் நின்றேன். வேன்யாவும் ரோடியோனும் மேசை முன்னால். கர்னல் வேன்யாவின் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அப்போது கதவு திறந்தது. கூப்பிடாமல் காப்பா உள்ளே வந்தாள்.

"தோழர் கர்னல், கையெழுத்துப் போடாதீங்க. என் தப்பு."

"என்ன தப்பு?"

"பதினாலையும் பதினஞ்சையும் குழாய்ல ஊத்தும்போது நம்பரை மாத்தி எழுதிட்டேன். எது யாரோடதுன்னு இப்ப நிச்சயமா சொல்ல முடியாது. ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி எடுக்கணும்."

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது நம்பர் மாத்தியிருக்கீங்களா?"

"இல்ல. இன்னைக்கு மாத்திட்டேன்."

"நான் விலகிட்டேன்!" ரோடியோன் ஒரு அடி முன்னால் வந்தான். "என்கிட்ட எதுவும் எடுக்க வேண்டியதில்ல, தோழர் கர்னல்."

"முத்திரை இன்னும் விழல, சீனியர் லெப்டினென்ட். அது வரைக்கும் நீங்க என் ஆள்."

இரண்டு புதுக் குப்பிகள் வந்தன. வேன்யா ஐந்து நிமிடத்தில் முடித்தான். ரோடியோன் வரவில்லை என்றான். கர்னல் வேறு ஒருவரை வாசலில் நிறுத்தினார், என்னை இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். கிடையாது என்றார். பத்து நிமிடம், இருபது, நாற்பது. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டது. ரோடியோன் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அவனுக்காக நான் என்ன வேண்டினேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்றும் வேண்டினேன், தப்பிக்க வேண்டும் என்றும் வேண்டினேன்.

மூன்றே காலுக்கு அவன் குப்பியை மேசைமேல் வைத்தான். நிறம் கறுப்புத் தேநீர்.

கர்னல் தானே கீழே போய் நுண்ணோக்கியில் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. ரோடியோன் தோளில் கை வைத்து, "உட்காருங்க" என்றார். அதைச் சொன்ன விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. வேன்யாவின் தாளில் 'தகுதி' என்று எழுதினார். ரோடியோனின் விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டு, வேறொரு தாளில் நீளமாக எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நர்ஸ். வார்டுலேர்ந்து குப்பி சரியாத்தான் கீழ போச்சா? சீட்டு ஒட்டினது நீங்கதானே?"

'நான்தான் மாற்றி ஒட்டினேன்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் இதே பலன்தான். ஒருவேளை பழி பாதியாகப் பிரிந்திருக்கும். காப்பா என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் போச்சு, தோழர் கர்னல்."

அவர் என்னையும் காப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மேசையில் எழுத வேண்டிய காகிதம் இருந்தது, எழுதினார். பொறுப்பின்மை, கடும் கண்டனம், இரகசியப் பணியிலிருந்து நீக்கம். அன்று மாலையே அவள் கூடத்துச் சாவியை ஒப்படைத்தாள்.

நடைபாதையில் ரோடியோன் அவளை மறித்தான். "என்னைக் கொன்னுட்டே, கிழவி. உன் கையால கொன்னுட்டே" என்று கத்தினான். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவள் நின்று முழுக்கக் கேட்டாள், பிறகு "உப்பைத் தொடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வேன்யா கடைசித் தேர்வு வரை போய், அங்கே தேறவில்லை. காரணம் சொல்லவில்லை, வடக்கே திரும்பிப் பறந்தான். ரோடியோன் ஒரு வருடம் மருத்துவமனைகளில் கிடந்து, பிறகு வடக்கே ஒரு சிறிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வேன்யாவின் விமானம் இறங்க அனுமதி கேட்டால் அவனே அனுமதி கொடுப்பானாம். இருவரும் ரேடியோவில் அலுவல் தவிர வேறு பேசுவதில்லை என்று வேன்யா எழுதியிருந்தான்.

காப்பாவுக்கு நகர விளிம்பில் ஒரு செங்கல் சூளைத் தொழிலாளர் மருந்தகத்தில் வேலை கிடைத்தது. நான் ஒன்றரை வருடம் போகவில்லை. அறுபத்தொன்று ஏப்ரலில், முதல் மனிதன் மேலே போய்த் திரும்பிவிட்டான் என்று வானொலி சொன்ன அன்று, தெருவெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நெரிபட்டு அவள் வீட்டுக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், கதவு திறந்ததும் அழுதுவிட்டேன்.

"அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும், கபிதோலினா யெகோரோவ்னா. என் தப்பு அது. உங்க தலையில விழுந்துடுச்சு."

அவள் கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்தது. "நீயும் 'என் தப்பு'ன்னு வந்து நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு தப்புக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடினா கர்னல் கிழவன் மோப்பம் பிடிச்சிருப்பான். பசங்க ரெண்டு பேரும் போயிருப்பாங்க. நீ சொன்னதுதான் சரி."

எனக்கு மூச்சு வந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"ஆனா அதை யோசிச்சு நீ சொல்லல" என்றாள் அவள். "பயந்து சொன்னே." பிறகு உள்ளே போய் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.